உபயம்: அடைக்கலம்

எங்கள் ஊர் விராலிமலைக்குத் தெற்கே, நாற்கரச் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடைக்கலம் அண்ணன் வந்து நிற்பார். பக்கத்திலேயே அவர் பெயரையும் போட வேண்டும், அதுவும் ஊர்ப் பெயரைவிடப் பெரிய எழுத்தில். எதற்கு வம்பு?

அடைக்கலம், குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களில் சிலர் வீடு கட்டுவார்கள், சிலர் வட்டிக்கு விடுவார்கள், சிலர் உள்ளாட்சித் தேர்தலில் நின்று வீட்டையும் வட்டியையும் சேர்த்து இழப்பார்கள். அண்ணன் தர்மம் செய்யக் கிளம்பினார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். அண்ணன் கொடுப்பது திருச்சி வரைக்கும் தெரிய வேண்டும்.

மாரியம்மன் கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தார். 'உபயம்: அடைக்கலம், குவைத்' என்று விளக்கின் மேலேயே சிவப்பு எனாமலில் எழுதச் சொன்னதில், வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து அம்மன் இருட்டில் இருக்கிறாள், பெயர் மட்டும் ஜொலிக்கிறது. அடுத்து பஸ் ஸ்டாப்பில் சிமெண்ட் பெஞ்சு போட்டார். பெயின்ட் காய்வதற்குள் சாய்ந்து உட்கார்ந்த வெற்றிசெல்வன் வாத்தியாரின் வெள்ளைச் சட்டை முதுகில் அண்ணன் பெயரில் பாதி ஒட்டிக்கொண்டது. வாத்தியார் அன்று முழுவதும் அதோடுதான் பாடம் நடத்தினார். சுடுகாட்டுக் கொட்டகையிலும் அண்ணன் பெயர் உண்டு. பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிற நாங்கள் அதை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் மேற்கொண்டு அழுவோம்.

நான் ஆத்மநாதன். கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் யாருக்கு எந்தக் கிறுக்குப் பிடித்தாலும் முதலில் நோட்டீஸ் அடிக்க என்னிடம்தான் வருவார்கள். அப்படித்தான் ஒருநாள் அண்ணனும் வந்தார்.

புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். பந்தி தாமதமாகும் என்று தெரிந்ததும், பொழுது போகாமல் அங்கே இருக்கிற அருங்காட்சியகத்துக்குள் நுழைந்திருக்கிறார். உள்ளே ஒரு பழைய கத்தி. பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. அதில் அதைக் கொடுத்தவர் பெயர். அண்ணன் கல்யாணச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

"ஆத்மநாதா, நான் இத்தனை காலம் ஏமாந்து போயிட்டேன்டா," என்றார் கடைக்குள் நுழைந்ததும். "டியூப்லைட் பியூஸ் போவுது. பெஞ்சு ஒடையுது. அங்கிட்டுப் பாத்தா, அந்தக் கத்தியக் கொடுத்தவன் எப்பவோ செத்துப் போயிட்டான். பேரு மட்டும் அப்படியே கண்ணாடிக்குள்ள நிக்குது. நம்மூருக்கும் ஒரு மியூசியம் வேணும்."

"நம்மூர்ல என்னண்ணே இருக்கு வைக்கிறதுக்கு?"

"வரலாறு இல்லாத ஊரு உண்டாடா? தேடுனா கெடைக்கும்."

மூடிக் கிடந்த பால் சொசைட்டிக் கட்டடத்தைப் பஞ்சாயத்தில் கேட்டு வாங்கினார். மழை பெய்தால் இன்றைக்கும் அங்கே மோர் வாடை அடிக்கும். வாசலில் 'அடைக்கலம் வரலாற்று அருங்காட்சியகம்' என்று பலகை மாட்டினார்கள். எழுதியது பெயின்டர் பிரவீன்குமார். அண்ணனின் எல்லா உபயத்துக்கும் எழுத்து அவன்தான். ஊரில் அண்ணனுடைய தர்மத்தால் உண்மையிலேயே பிழைத்தவன் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் பிரவீன்குமாரைச் சொல்லலாம். குழு ஒன்றும் போட்டார்கள். தலைவர் அடைக்கலம், செயலாளர் அடைக்கலம், பொருளாளர் நான். பொருள் இல்லாததால் எனக்கு வேலையும் இல்லை.

ஆட்டோவில் மைக் கட்டி, பழைய பொருள்களைக் கொண்டுவரச் சொல்லி அறிவிப்புச் செய்தார்கள். ஜனங்களும் பழையதைத்தான் கொண்டுவந்தார்கள். மணிமேகலை டீச்சர் வீட்டிலிருந்து கரகரக்கிற மிக்சி வந்தது. கறிக்கடை செல்வராணி படம் வராத டி.வி.யைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, புதுசு எப்போது தருவீர்கள் என்று கேட்டாள். உண்மையான பழம்பொருள் எதுவும் ஊரில் மிச்சமில்லை. அதையெல்லாம் எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போட்டுத் தின்று முடித்துவிட்டோம். எங்கள் ஊரின் வரலாறு கொட்டை எடுத்து, தாளில் சுற்றி, தராசில் நிறுத்துக் கொடுக்கப்பட்ட வரலாறு.

சளைத்தால் அவர் அடைக்கலமா? குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்டி, அங்கே எடுத்த லைசென்ஸ், ஒரு தெர்மாஸ் பிளாஸ்க், கோட் போட்டு எடுத்த போட்டோ எல்லாவற்றையும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, மேலே 'வளைகுடாக் காலம்' என்று எழுதச் சொன்னார். கற்காலம், இரும்புக்காலம் மாதிரி அதுவும் ஒரு காலம். மூன்று சுவர்கள் இன்னும் காலியாக இருந்தன. அண்ணனின் கண் அப்போதுதான் சொந்த வீட்டுப் பரண் பக்கம் போனது.

பரணில் இருந்தது அவருடைய மனைவி உண்ணாமலை மதினி கொண்டுவந்த சீர். மதினிக்குக் கீரனூர் பக்கம் பிறந்த ஊர். அவருடைய அப்பா பெரியண்ணன் நிலக்கடலை பயிரிட்டுப் பிழைத்த மனிதர். மகள் கல்யாணத்துக்காக உழவு மாட்டை விற்றுக் கும்பகோணம் போய், பித்தளையும் வெண்கலமுமாக வாங்கிவந்தார் என்று சொல்வார்கள். அண்டா, தவலை, குடம், தாம்பாளம், குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, இட்லிக் கொப்பரை, பொங்கல் வைக்கிற வெண்கலப் பானை என்று ஒன்றுகூடக் குறையாமல் மதினி கட்டிக்காத்து வந்தார். அண்ணன் குவைத்தில் இருந்த காலத்தில் வீட்டில் கஷ்டம் வந்தபோதெல்லாம் நகை அடகுக்குப் போனது, பாத்திரம் போகவில்லை. தீபாவளிக்கு முன்னால் எல்லாவற்றையும் கீழே இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து, வாசலில் காயவைப்பார். அன்றைக்குத் தெருவே மஞ்சளாக மின்னும்.

மதினி நூறு நாள் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் அண்ணன் டாடா ஏஸ் வண்டி பிடித்துவந்து அத்தனையையும் ஏற்றிவிட்டார். மதினி திரும்பிவந்து பரணைப் பார்த்திருக்கிறார். பரண் துடைத்து வைத்ததுபோல இருந்திருக்கிறது. திருடன் திருடன் என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்குக் கம்பு எடுத்துக்கொண்டு ஓடினோம். திருடன் பால் சொசைட்டிக் கட்டடத்தில் ஸ்டூல் மேல் நின்றபடி, அண்டாவின் வயிற்றில் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாத்திரத்திலும் கொட்டை எழுத்தில் சிவப்பு எனாமல்: 'உபயம்: அடைக்கலம், குவைத்'.

"என் பாத்திரத்தத் திருப்பிக் கொண்டாந்து வைங்க," என்றார் மதினி.

"ஊருக்காகக் கொடுத்தாச்சு. கொடுத்தத எவனாவது திருப்பிக் கேப்பானா? அசிங்கமா இருக்காது?"

கொடுத்தது யார், கேட்பது யார் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. குடும்ப விஷயம் என்று கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கலைந்தோம். திருடனாக இருந்திருந்தால் மதினிக்குப் பாத்திரம் அன்றைக்கே திரும்பக் கிடைத்திருக்கும்.

மாசி சிவராத்திரி வந்தது. எங்கள் பக்கம் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைக்காத வீடு கிடையாது. கல்யாணமான வருஷத்திலிருந்து மதினி அந்த வெண்கலப் பானையில்தான் பொங்கல் வைத்துவந்தார். முந்தின நாள் மியூசியத்துக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"பானைய மட்டும் ஒரு நா கொடுங்க. சாமிக்கு வச்சுட்டுக் கழுவிக் கொண்டாந்து வச்சிர்றேன்," என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார்.

அண்ணன் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். 'காட்சிப் பொருள்களைத் தொடாதீர்கள்.'

"ஒனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு வைக்க முடியுமா? நாளைக்கு எல்லாரும் பானையக் கேப்பாங்க."

மதினி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போனார். நாத்தனாரிடம் அலுமினியப் பானை இரவல் வாங்கிப் பொங்கல் வைத்தார். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. "குவைத்துக்காரர் வீட்டுப் பானையப் பாருங்க," என்று நாத்தனாரே நாலு பேர் காதில் விழும்படிச் சொன்னாள். நான் உச்சுக் கொட்டினேன். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை, குழுவில் பொருளாளராக இருக்கிறவன் வேறு என்ன செய்ய முடியும்?

இந்த நிலைமையில்தான் அன்புமொழி வந்தார். சின்னச் சின்ன ஊர்களில் இருக்கிற காட்சியகங்களைத் தேடிப் பிடித்து உதவி செய்கிற ஓர் அமைப்பில் வேலை பார்க்கிற பெண். மியூசியம் தகுதியானது என்று அவர் எழுதிக் கொடுத்தால், அவர்களுடைய கையேட்டில் இடம் கிடைக்கும். அதோடு நாற்கரச் சாலையில் பழுப்பு நிற அறிவிப்புப் பலகை வைக்கவும் ஏற்பாடு செய்வார்கள். பலகை என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. மதுரைக்குப் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் காரும் அவர் பெயரைப் படித்துக்கொண்டே போவதை அவர் அங்கேயே நின்று பார்த்துவிட்டார்.

அன்புமொழி பொறுமைசாலி. வளைகுடாக் காலத்தை முழுசாகப் பார்த்தார். தெர்மாஸ் பிளாஸ்க் வரலாற்றை அண்ணன் விளக்கியபோது தலையாட்டினார். பித்தளைச் சுவர் பக்கம் வந்ததும்தான் நின்றார்.

"இது நல்லா இருக்கு சார். ஒரே வீட்டுச் சீர் முழுசும் ஒண்ணுகூட செதறாம இருக்கு. இப்படி நான் எங்கயும் பாத்ததில்ல. இதுக்காகவே நான் எழுதிக் கொடுப்பேன். ஆனா மேல இருக்கிற இந்தப் பெயின்ட்டை எடுத்தாகணும்."

"அது பெயின்ட் இல்லம்மா," என்றார் அண்ணன். "பேரு."

"காட்சிப் பொருள் மேல எதுவும் எழுதக்கூடாது சார். கொடுத்தவங்க பேரைப் பக்கத்துல ஒரு அட்டைல போட்டுக்கலாம். பெயின்ட் இருந்தா நான் பரிந்துரைக்க முடியாது."

அண்ணன் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். நானும் கூடப் போனேன். பாத்திரத்தில் இருக்கிற பெயரா, நாற்கரச் சாலையில் வரப்போகிற பெயரா? மகளைக் கட்டிக் கொடுக்கும்போதுகூட அவர் இவ்வளவு கலங்கி நான் பார்த்ததில்லை. கடைசியில் சாலை ஜெயித்தது. பிரவீன்குமாருக்குப் போன் போட்டார்.

பிரவீன்குமார் தின்னரும் பழைய துணியுமாக வந்தான். எழுதிய கையாலேயே அழிக்கிறோமே என்ற வருத்தம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை, இரண்டுக்கும் கூலி உண்டு. முதலில் அண்டாவை எடுத்துத் தேய்த்தான். குவைத் போனது. அடைக்கலம் போனது. உபயமும் போனது. பெயின்ட் இருந்த அதே இடத்தில் புள்ளி புள்ளியாக வேறு ஏதோ தெரிந்தது. அன்புமொழி குனிந்து படித்தார்.

"பெ. உண்ணாமலை. யாரு சார் இவங்க?"

எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டி வாங்குவார்கள். சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிப் பெண்ணின் பெயரைப் பதிப்பார்கள். நாளைக்கு ஒரு விசேஷத்தில் பாத்திரம் கலந்துவிட்டாலோ, ஆகாத நேரத்தில் ஒரு பிரச்சினை வந்துவிட்டாலோ, எது பெண் வீட்டுச் சொத்து என்று தகராறு வரக்கூடாது என்பதற்காக. பெரியண்ணன் விவரமான ஆள். ஒரு பாத்திரத்தையும் விடாமல் மகள் பெயரைத் தன் இனிஷியலோடு வெட்டி வாங்கியிருந்தார்.

"அது..." அண்ணன் தொண்டையைச் செருமினார். "அது கம்பெனிப் பேரா இருக்கும்."

பிரவீன்குமாருக்கு வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கத் தெரியாது. "என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? நம்ம மதினி பேருதானே? நான் கீழ எழுதுறேன்னு சொன்னப்ப, இல்லடா, அந்த எழுத்து மேலயே போடு, அது தெரியாம மறைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவன் சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். அதிலும் பெ. உண்ணாமலை. குடத்தில் பெ. உண்ணாமலை. பன்னீர்ச் செம்பின் கழுத்தைச் சுற்றிக் குட்டி எழுத்தில் பெ. உண்ணாமலை. அண்ணன் பெயர் துணியில் சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்தபடியே இருந்தது.

"சார், இது அவங்களோடது," என்றார் அன்புமொழி. "அவங்க கொடுத்ததா சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

"என் பொண்டாட்டிதாம்மா. அவ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன?"

"அவங்க சொல்லணும் சார்."

வேறு வழியில்லை. நான் போய் மதினியைக் கூட்டிவந்தேன். விவரத்தை வழியிலேயே சொன்னேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நடந்தார். எங்கள் ஊரில் ஒரு பெண்மணி நடையில் வேகம் காட்டினாலே பின்னால் கூட்டம் சேர்ந்துவிடும். நாங்கள் மியூசியத்துக்கு வந்தபோது, மைக் கட்டி அழைத்தும் வராத ஜனமெல்லாம் வந்திருந்தது.

மதினி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தார். பாத்திரங்களில் தன் பெயரை ஒவ்வொன்றாகத் தடவினார். தொடாதீர்கள் என்ற பலகை தலைக்கு மேலேயே இருந்தது, அண்ணன் இந்த முறை அதைக் காட்டவில்லை.

"இதெல்லாம் மியூசியத்துக்கு நீங்க கொடுத்ததாம்மா?" என்று கேட்டார் அன்புமொழி.

"நான் எங்கம்மா கொடுத்தேன்? நான் மண்ணு வெட்டப் போயிருந்தப்ப இவுங்க தூக்கிட்டு வந்துட்டாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் சிரித்தவர் யாரென்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பித்தளைச் சுவர் போனால் மிச்சம் இருப்பது தெர்மாஸ் பிளாஸ்க்தான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பிளாஸ்க்குக்கு யாரும் சாலையில் பலகை வைக்க மாட்டார்கள்.

"உண்ணாமலை," என்றார். வீட்டில் 'ஏய்' என்றும் 'இந்தா' என்றும் கூப்பிட்டே பழகிய மனிதர். அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து நான் அதுவரை கேட்டதில்லை. "உண்ணாமலை, கொடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அசிங்கமாப் போயிரும்."

"பானை கேட்டு வந்தப்ப எனக்கும் அசிங்கமாத்தான் இருந்துச்சு," என்றார் மதினி. "எங்கப்பா மாட்ட வித்து வாங்குனது. மாடு போனப்புறம் அவரே நொகத்தடியத் தோள்ல போட்டு இழுத்து உழுதாரு. அது மேல ஒங்க பேரப் போட எப்படிங்க மனசு வந்துச்சு?"

அண்ணன் தன் பெயர் ஒட்டிய துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். அன்றைக்குக் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கலைந்த அதே ஆட்கள்தானே எல்லாரும்.

"வண்டி பிடிக்கட்டுமா மதினி?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் ஏத்திரலாம்."

மதினி எட்டி வெண்கலப் பானையை மட்டும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இது எனக்கு வேணும். மத்ததெல்லாம் இங்கனயே இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோனா நான்தானே தேய்க்கணும்? இங்க இருந்தா இவரு தேய்க்கட்டும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். பளபளன்னு இருந்தா இருக்கும், இல்லாட்டி வண்டி வரும்."

அன்புமொழி, பழம்பொருளைப் புளி போட்டுத் தேய்க்கக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தார். மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டையை எடுத்து எழுத ஆரம்பித்தார். 'கீரனூர் அருகே விவசாயி பெரியண்ணன் தம் மகள் உண்ணாமலையின் திருமணத்துக்குக் கொடுத்த சீர். வழங்கியவர்: பெ. உண்ணாமலை.' நான் அதைக் கடையில் டைப் அடித்து, லேமினேஷனும் போட்டுக் கொடுத்தேன்.

பழுப்புப் பலகையும் வந்துவிட்டது. 'ஊர் அருங்காட்சியகம்' என்று எழுதி, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அண்ணன் பெயர் இல்லை. அம்புக்குறியின் வாலில் கொஞ்சம் இடம் இருக்கிறதே என்று பிரவீன்குமாரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்ததாகக் கேள்வி. பிரவீன்குமார் எழுத மறுத்துவிட்டான், நெடுஞ்சாலைப் பலகையில் கை வைத்தால் கேஸ் ஆகிவிடுமாம்.

போன வெள்ளிக்கிழமை விராலிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வேன் வந்தது. அண்ணன் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புளியும் உப்புமாகத் தவலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகத்தில் எல்லாம் களிம்பு. மதினி இடுப்பில் கை வைத்தபடி பக்கத்தில் நின்று, குடத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சுற்றிவிட்டு வந்த ஒரு சின்னப் பெண் அண்ணனிடம் போய் நின்றாள்.

"தாத்தா, உண்ணாமலைங்கிறது எந்த ஊரு ராணி? அவங்க எப்பச் செத்தாங்க?"

அண்ணன் வாயைத் திறக்குமுன் மதினி குடத்தை அவர் முன்னால் வைத்தார்.

"இன்னும் சாகல ஆத்தா. இவரு தேச்சு முடிக்கட்டும்னு நிக்கிறேன்."

அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. குடத்தைத் தன் பக்கம் இழுத்து, புள்ளி எழுத்து இருக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் புளியை வைத்து அழுத்தித் தேய்த்தார்.